எனக்கு மட்டும் ஏன் எதுவும் கேட்கவில்லை?

9 ஜனவரி 2024, கேள்வி

எனக்கு 41 வயது. நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர், பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. சபை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஆறு பேர் சாட்சி சொன்னார்கள். ஆறு பேருமே "கர்த்தர் என்னோடு பேசினார்", "கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" என்றார்கள். ஒருவருக்கு மனை வாங்கும்போது பேசியிருக்கிறார், இன்னொருவருக்குப் பெண் பார்க்கப் போன வழியில். என்னோடு ஒரு நாளும் பேசியதில்லை. ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், தசமபாகம் தவறியதில்லை. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டு வரை பில், ஜி.எஸ்.டி., லாரி வாடகை. அந்த நேரமெல்லாம் ஆண்டவர் எங்கே இருக்கிறார்? பிரசங்கம் வேண்டாம். உங்களுக்கு நடந்தது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

10 ஜனவரி, இரவு 11.40

நடந்ததைச் சொல்கிறேன், தம்பி.

நான் நர்ஸ். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் 19 வருஷமாக வேலை. டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை தொடங்கிக் கொட்டிய மழை உங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான சனம் அங்கேயே மாட்டிக்கொண்டது. எங்களுக்குக் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரில் ஓட்டினோம். ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் ஓட 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். ஊரெல்லாம் வெள்ளம், மெஷினுக்குத் தண்ணீர் இல்லை. நாலு மணி நேரத்தை மூன்றாகக் குறைத்து, ஆளை மாற்றி ஆள் போட்டோம்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து வரும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். செவ்வாய், வியாழன், சனி அவருடைய நாட்கள். சனிக்கிழமை போட்டுவிட்டுப் போனவர் செவ்வாய் வரவில்லை. போன் போகவில்லை. சிறுநீரகம் ரெண்டும் நின்றுபோன ஆளுக்கு ஐந்து நாள் இடைவெளி என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். உடம்பில் சேர்ந்த நீர் நுரையீரலுக்கு ஏறும், மல்லாந்து படுக்க முடியாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். புதன் ராத்திரி மெஷின்களைத் துடைத்துக்கொண்டே, "ஆண்டவரே, அண்ணாச்சியை எப்படியாவது கொண்டுவந்து சேரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முழங்கால் போட நேரமில்லை.

வியாழன் காலை ஆறு மணிக்கு வாசலில் ஆம்புலன்ஸ். ஊரிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஒரு டிராக்டர் டிரெய்லரில் கொண்டுவந்திருக்கிறார்கள். கால் ரெண்டும் வீங்கி, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டு, "வந்துட்டேன் தாயி" என்றார்.

அந்த டிராக்டரை ஆண்டவர் அனுப்பினார். இதையேதான் 31 ராத்திரி எங்கள் கோயிலில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்.

11 ஜனவரி

ஒன்று விட்டுப்போயிற்று. ஆதியாகமம் 28. அண்ணனுக்குப் பயந்து ஓடுகிற யாக்கோபு, வழியில் கல்லைத் தலைக்கு வைத்துப் படுக்கிறான். முழித்ததும் சொல்கிறான்: "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்." அவர் அங்கே இருந்ததும் உண்மை, இவனுக்குத் தெரியாமல் இருந்ததும் உண்மை. ரெண்டையும் ஒரே வசனத்தில் வைத்திருக்கிறது.

நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் எழுதுகிறேன். வண்ணார்பேட்டை வந்துவிட்டது.

14 ஜனவரி

கணக்கு எழுதும் நேரத்தில் அவர் எங்கே என்று கேட்டீர்கள். நான் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வெள்ளம் தினமும் வருவதில்லை, பில் தினமும் வருகிறது. உங்கள் கேள்விக்கு என் ஆச்சியின் அடுப்படிதான் பக்கம்.

ஆச்சிக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் ஒரு கிராமம். அடுப்புக்கு வலதுபக்கம், புகை படிந்து கறுத்த ஒரு சின்ன மண்பானை இருக்கும். அதுதான் பிடியரிசிப் பானை. உலைக்கு அரிசி அளந்து சுளகில் போட்டு, கல் பொறுக்கி, களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி அந்தப் பானையில் போடுவாள். போடும்போது உதடு அசையும். என்ன சொல்கிறாள் என்று நான் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். "இது உமக்கு." அவ்வளவுதான். வேறு ஒன்றும் கிடையாது. மாசக் கடைசியில் கோயிலிலிருந்து ஆள் வந்து அந்த அரிசியை அளந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் 1903ல் தொடங்கியது. அதற்கு முன்னின்ற அசரியா வெள்ளாளன்விளைக்காரர். 1912ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். ஆச்சி அவரைப் பற்றி ஒன்றும் படித்ததில்லை. "மிஷனரி ஊழியத்துக்குப் போகுது" என்று மட்டும் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, வருஷத்துக்கு எழுநூறு தடவைக்கு மேல், அரிசி அளக்கிற கையோடு ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசினாள். அவர் திரும்பப் பேசினாரா என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

என் தம்பி சின்னதில் ஒரு நாள் கேட்டான், "ஆண்டவரு எங்க இருக்காரு ஆச்சி?" பனம்பாயில் கையைக் காலை விரித்துப் படுத்திருந்தான். ஆச்சி சொன்னாள்: "நீ கொஞ்சம் தள்ளிப் படு, அவருக்கும் எடம் வேணும்லா." அவன் நிஜமாகவே சுவரோரம் ஒட்டிப் படுத்தான். ரொம்ப நாள் அப்படித்தான் தூங்கினான்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிசில் கார்மேல் சபை மடம் ஒன்றில் லாரன்ஸ் என்று ஒரு சகோதரர் இருந்தார். குரு இல்லை. முன்னாள் சிப்பாய், காலில் காயம் பட்டவர். மடத்து அடுப்படியில் வருஷக்கணக்காகச் சமைத்தார், பிறகு செருப்புத் தைத்தார். ஜெபவேளைக்கும் வேலைவேளைக்கும் தனக்கு வித்தியாசம் இல்லை, அடுப்படிச் சத்தத்திலும் ஆண்டவரோடு இருக்கிறேன் என்கிற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். அதை முதலில் படித்தபோது எனக்கு அந்த மண்பானைதான் கண் முன்னால் வந்தது.

21 ஜனவரி

என் முதல் பதிலைத் திருத்த வேண்டும். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று அண்ணாச்சியோடும் அவர் மகளோடும் அந்த ஊருக்குப் போனேன். டிராக்டர் ஓட்டினவரைப் பார்த்து ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று மனதில் கிடந்தது. முப்பது வயசு இருக்கும். நெற்றியில் விபூதி. அவர் வீட்டுப் பின்சுவர் விழுந்து, தார்ப்பாய் கட்டியிருந்தது. நான் எங்கள் கோயிலில் சாட்சி சொன்னதைச் சொன்னேன், "உங்களைக் கடவுள்தான் அனுப்பினார் தம்பி" என்றேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"நாலு நடை போனேன்க்கா. இவுகள ஏத்துனது மூணாவது நடை. ரெண்டாவது நடையில நெஞ்சு வலின்னு ஒருத்தர ஏத்துனேன். பாதி வழியில போயிட்டாரு. நான் முன்னால ஓட்டிக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியல. பின்னால சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தா, அந்தம்மா அவரு உள்ளங்கால தேச்சிக்கிட்டே இருக்கு. போன பொறவும் தேச்சிக்கிட்டே இருக்கு."

அதே டிராக்டர். அதே தண்ணீர். அதே டிரைவர்.

நான் மைக்கில் சொன்ன சாட்சியை அந்த அம்மா கேட்டிருந்தால்? "அண்ணாச்சிக்கு அனுப்பின ஆண்டவர் உன் புருஷனுக்கு அனுப்பவில்லை" என்றுதானே அவள் காதில் விழுந்திருக்கும்? நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் என் வார்த்தைக்குள் அது இருந்தது.

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இப்போது என்னால் சொல்ல முடிகிறது இவ்வளவுதான்: ஒருவர் பிழைத்தார், ஒருவர் போனார், அதற்குக் காரணம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் தன் சுவர் விழுந்து கிடக்கும்போது அடுத்தவனுக்காக நாலு நடை போன அந்த மனுஷனிடத்தில் ஆண்டவர் இருந்தார் என்று விசுவாசிக்கிறேன். உயிர் போன பிறகும் உள்ளங்காலைத் தேய்த்த அந்தக் கையிலும் இருந்தார். ரெண்டாவது நடையிலும் மூன்றாவது நடையிலும் அதே டிரெய்லரில் இருந்தார். "அனுப்பினார்" என்று நான் எழுதியதை அழிக்கவில்லை. அண்ணாச்சி இன்று உயிரோடு இருப்பதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வேன்? ஆனால் அந்த வார்த்தையை இனி மைக்கில் சொல்ல மாட்டேன்.

22 ஜனவரி

அண்ணாச்சிக்கு அந்த இன்னொருவரைப் பற்றி முன்னமே தெரியுமாம். அதே டிரெய்லர் பலகையில்தான் உட்கார்ந்து வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. "நீ சந்தோசமா சாட்சி சொன்னேன்னு சொன்னியே தாயி" என்கிறார்.

3 பிப்ரவரி

நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்: "சரி, இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஒரு பழக்கம் உண்டா?"

என் வேலையில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். டயாலிசிஸ் ஆளுக்கு முன்கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து, ரத்தம் கொண்டுவரும் தமனியையும் திரும்பப் போகும் சிரையையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். அதற்கு ஃபிஸ்டுலா என்று பேர். உடனே பயன்படுத்த முடியாது. ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும், அந்தச் சிரை தடித்து வர. பிறகுதான் அதில் ரெண்டு ஊசி, ரத்தம் வெளியே வர ஒன்று, உள்ளே போக ஒன்று.

ஊசி போடுமுன் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு அதிர்வு ஓடும். நாங்கள் த்ரில் என்போம். மாவு மில் ஓடும்போது வெளிச்சுவரில் கை வைத்தால் ஒரு நடுக்கம் தெரியுமே, அதை ரொம்பச் சின்னதாக்கினால் எப்படியோ அப்படி. அது இருந்தால் வழி திறந்திருக்கிறது. இல்லையென்றால் அடைத்துவிட்டது.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் அது தெரியவே தெரியாது. "இல்லையே சிஸ்டர்" என்பார்கள். கையைப் பார்த்தால், அழுத்திக்கொண்டிருப்பார்கள். அழுத்தினால் அதிர்வு செத்துப்போகும். விரல் நுனியை மேலே சும்மா வைக்க வேண்டும், ஒரு குழந்தையின் கன்னத்தில் வைப்பதுபோல. வைத்துவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். ஒரு நாள் திடீரென்று அந்தப் பிள்ளை முகம் மாறும். எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன், அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பேன். கட்டைவிரலால் பார்க்காதே. கட்டைவிரலில் உன் நாடியே பலமாக ஓடும். உன் துடிப்பை நோயாளியின் துடிப்பு என்று நினைத்துவிடுவாய். "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று நாம் சொல்வதில் எவ்வளவு கட்டைவிரல் இருக்கிறது என்று இப்போது யோசிக்கிறேன். மனை வாங்க ஆசை இருக்கிறவனுக்கு மனை வாங்கச் சொல்லித்தான் கேட்கும். நானே என் மகனின் கல்லூரி விஷயத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டேன், பிறகு அது என் பயம்தான் என்று தெரிந்தது. உங்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்று நேர்மையாகச் சொல்கிறீர்கள். உங்கள் விரல் சரியான விரல் என்றுதான் எனக்குப் படுகிறது.

4 பிப்ரவரி

நேற்று எழுதிய உதாரணத்தை ரொம்ப தூரம் இழுக்க வேண்டாம். ஃபிஸ்டுலா நின்றுபோகும். ராத்திரி பி.பி. இறங்கினால், அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தால், காலையில் அடைத்துக் கிடக்கும். ஆண்டவர் அப்படி நின்றுபோகிறவர் அல்ல. நான் சொல்ல வந்தது விரலைப் பற்றி மட்டும்.

14 பிப்ரவரி, சாம்பல் புதன்

இன்று லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், தொடக்கம். எங்கள் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார்கள், கடற்கரை ஊர், கத்தோலிக்கர். 1542ல் சவேரியார் வந்திறங்கிய கரை என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு லெந்து, அவர்களுக்குத் தவக்காலம். உங்கள் கேள்வியை அவர்களிடம் சொன்னேன். "இஞ்ஞாசியார் சொன்னத செஞ்சு பாக்கச் சொல்லு" என்றார்கள்.

லொயோலா இஞ்ஞாசியார், சவேரியாரின் நண்பர், ஏசுசபையைத் தொடங்கியவர். அவர் விட்டுச்சென்ற ஆன்மசோதனை என்ற பழக்கத்தை அக்கா தன் வழியில் செய்கிறார்கள். ராத்திரி படுக்குமுன் பத்து நிமிஷம். முதலில் நன்றி. பிறகு காலையில் கண் விழித்ததிலிருந்து அந்த நாளை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. எங்கே மனசு லேசானது, எங்கே சுருங்கியது, எங்கே யாரைத் தள்ளிவிட்டோம். தவறினதற்கு மன்னிப்பு. நாளைக்கு ஒரு வேண்டுதல். அவ்வளவுதான். "பாவத்தை எண்ணுகிற கணக்கு என்றுதான் சின்னதில் நினைச்சேன், அது இல்ல. கூடவே இருந்தவர எங்க கவனிக்காம விட்டேன்னு பாக்குறது" என்றார்கள்.

உங்களுக்கு இது வரும் என்று தோன்றுகிறது. கடையை மூடுமுன் அன்றன்றைய வரவு செலவைச் சரிபார்க்கிறவர்தானே நீங்கள். அந்தப் பேரேட்டை மூடிவிட்டு இன்னொரு பத்து நிமிஷம் உட்காருங்கள்.

நானும் இன்றிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு நாள் என்பது சில சமயம் ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்குகிறது, அதற்குத் தகுந்தபடி.

25 பிப்ரவரி

பதினோரு நாள் ஆயிற்று. நாலு நாள் பாதியில் தூங்கிவிட்டேன். தூங்கினதற்கு முதலில் மனம் கஷ்டப்பட்டது. இன்று கோயிலில் எலியா தீர்க்கதரிசியின் கதை வாசித்தார்கள், மனம் ஆறியது. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்தவனிடம் தூதன் முதலில் சொன்னது என்ன? "எழுந்திருந்து போஜனம்பண்ணு." தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறான், யாரும் திட்டவில்லை. அந்த ஓரேப் மலையும் காற்றும் நெருப்பும், ஆண்டவர் அவனோடு பேசினதும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"அக்கினிக்குப் பின் அமர்ந்த மெல்லிய சத்தம் உண்டாயிற்று." இந்த "அமர்ந்த" என்கிற சொல்லில் இன்று மாட்டிக்கொண்டேன். சங்கீதம் 23ல் "அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில்." சங்கீதம் 46ல் "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்." சத்தமும் அமர்ந்தது, தண்ணீரும் அமர்ந்தது, நாமும் அமர வேண்டும். டிசம்பரில் அமராத தாமிரபரணியைப் பார்த்துவிட்டு, இப்போது சுலோச்சன முதலியார் பாலத்தின் மேலே பஸ்ஸில் போகும்போது கீழே தெளிந்து கிடக்கிற தண்ணீரைப் பார்த்தால் அந்தச் சொல் தானாக வாயில் வருகிறது.

மாலை சேர்த்தது: எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன். எபிரெயத்தில் மூன்று இடத்திலும் மூன்று வேறு சொற்கள் என்கிறார். நம் மொழிபெயர்ப்பில்தான் ஒரே சொல்லாக வந்து நிற்கிறதாம். சரி. நான் எபிரெயத்தில் ஜெபிப்பதில்லை. எனக்கு வேதம் வந்து சேர்ந்தது தமிழில், ஆச்சி எழுத்துக் கூட்டி வாசித்த தமிழில். அந்த மூன்றையும் சேர்த்துக் கோர்த்துக் கொடுத்ததையும் ஒரு ஈவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

10 மார்ச்

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

2019ல் என் வீட்டுக்காரர் இறந்தார். நோயைக் கண்டுபிடிக்கப் பிந்திவிட்டது. முதலில் பார்த்த இடத்தில் கவனமாகப் பார்த்திருந்தால் என்று இன்றும் மனம் ஓடும், அதை விடுகிறேன். அதன்பிறகு ஒன்றரை வருஷம் எனக்கு ஜெபம் என்பது சுவரைப் பார்த்துப் பேசுவது. டூட்டிக்குப் போவேன், ஃபிஸ்டுலாவில் விரல் வைப்பேன், பி.பி. குறிப்பேன், வருவேன். வேதத்தில் எனக்கு ஒத்துவந்தது சங்கீதம் 88 மட்டும். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது ஒரு துதிக்குத் திரும்பிவிடும். 88 திரும்பாது. இருட்டிலேயே முடியும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே ஆறுதல்.

"ஆண்டவர் அந்த நேரத்தில் உன்னைத் தாங்கினார்" என்று சபையில் சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை என்று இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ராத்திரி, அந்தப் பத்து நிமிஷத்தில், மனம் அன்றைய நாளை விட்டு நழுவி 2019க்குப் போய்விட்டது. அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு வந்த நாட்கள். நான் சமைக்கவே இல்லை. ஆனால் காலையில் எழுந்து டீ போட்டுக் குடித்தது ஞாபகம் இருக்கிறது. கேட் கொக்கியில் மஞ்சள் துணிப்பை தொங்கும், அதில் அரை லிட்டர் பால் பாக்கெட். எடுப்பேன், காய்ச்சுவேன், குடிப்பேன். தினமும்.

பால் அட்டையைப் பார்ப்பது, பணம் கட்டுவது எல்லாம் என் வீட்டுக்காரர்தான். அவர் போன பிறகு நான் கட்டவே இல்லை. ஒரு நாளும் கட்டவில்லை. அப்படியானால் அந்தப் பால் எங்கிருந்து வந்தது?

படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருஷம் கழித்து.

காலையில் எதிர்வீட்டு அத்தையிடம் போய்க் கேட்டேன். அவர்களுக்கு 74 வயசு, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "மஞ்சப் பை உங்களுதா அத்தை?" என்றேன். மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். "அதுக்கு என்னட்டி இப்போ?" என்றார்கள். "நீ டீ இல்லாம வேலைக்குப் போயிருவியேன்னுதான்." மூணு மாசம் போட்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இருட்டு இருட்டாகத்தான் இருந்தது. அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். 88 எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. ஆனால் தினமும் காலையில் கேட்டில் பால் தொங்கியிருக்கிறது. யாக்கோபின் அந்த ரெண்டாவது பாதியை, "இதை நான் அறியாதிருந்தேன்" என்பதை, ஜனவரியில் உங்களுக்கு எழுதும்போது அது என்னைப் பற்றியது என்று எனக்குத் தெரியாது.

11 மார்ச்

லாரன்ஸைப் பற்றியும் ஒரு பாதியை விட்டுவிட்டேன். அடுப்படியில் நிம்மதியாக இருந்தவர் என்று எழுதினேன். முதல் பத்து வருஷம் மிகவும் கஷ்டப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆண்டவரோடு தான் நினைத்தபடி நெருங்க முடியவில்லை, தன் பாவமே முன்னால் நின்றது என்று. பத்து வருஷம், தம்பி. நாம் தொடங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். பிடியரிசிக்கு. குக்கரில் ஒரு டம்ளர் அரிசி போடுகிற வீட்டில் ஒரு பிடி என்பது பெரிதாகத் தெரிகிறது. ஆச்சி வீட்டில் பன்னிரண்டு பேருக்குச் சமைத்தாள்.

29 மார்ச், பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனைக்குப் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஷிப்டில் ஆள் குறைவு. ஆராதனை நடக்கிற அந்தப் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் இங்கே ஆறு மெஷின் ஓடியது. இரண்டாவது படுக்கையில் ஒருவருக்குக் காலில் நரம்பு இழுத்துக்கொண்டது, டயாலிசிஸில் அடிக்கடி வரும். பாதத்தை மேலே மடக்கிப் பிடித்து, கெண்டைக்காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது தூரத்தில் மணி அடித்தது. அந்த டிரெய்லரில் உள்ளங்காலைத் தேய்த்த அம்மாவின் நினைவு வந்தது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்கிற, இயேசு சிலுவையில் சொன்ன நாலாவது வார்த்தையை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். அவருக்காகவும், அந்த அம்மாவுக்காகவும்.

நரம்பு விட்ட பிறகு அந்த நோயாளி, "சிஸ்டர், இன்னிக்கு உங்களுக்கு நல்ல நாளாச்சே, நீங்க கோயிலுக்குப் போகலயா?" என்று கேட்டார். இங்கேதான் இருக்கேன் என்றேன்.

6 ஏப்ரல்

நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். 17 நாள் உட்கார்ந்தும் ஒன்றும் தெரியவில்லை, 18ஆம் நாள்தான் ஒன்று கண்ணில் பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வார்த்தையிலேயே இங்கே வைக்கிறேன்:

"எங்கள் கம்பெனியில் வாட்ச்மேன் ஒருவர் இருக்கிறார். நான் வண்டியை வெளியே வேப்பமரத்தடியில் விடுவேன். மூன்று வருஷமாக, வெயிலோ மழையோ, ராத்திரி எட்டு மணிக்கு நான் வரும்போது வண்டி ஷெட்டுக்குள் நிற்கும், சீட் துடைத்திருக்கும். அது அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு எடுத்துப் போயிருக்கிறேன். யார் தள்ளி வைக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. இது ஆண்டவர் பேசியதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று ராத்திரி எனக்கு அழுகை வந்தது."

எனக்கும் தெரியாது, தம்பி. கட்டைவிரலா, மற்ற விரலா என்று அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம்.

அவர் பெயர் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. திங்கட்கிழமை கேளுங்கள்.